இடது பக்கம் தமிழ்

புது ஹெட்போனின் கறுப்பு ஸ்பாஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. மழைக்கோட்டையும் காலி பிஸ்கட் டப்பாவையும் அடுத்தடுத்து முகர்ந்த மாதிரி இருக்கும். அந்த வாசனை என் மூக்கிலேயே குடியிருந்த நாட்களில் நான் ஒன்றை உறுதியாக நம்பினேன், இந்த வயதில் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த எங்கள் கடை முழுவதும் என் இடது காதின் மேல்தான் நிற்கிறது, ஆகவே அந்தக் காதுக்குச் சொந்தக்காரனான பன்னிரண்டு வயதுப் பையன்தான் கடையின் அடுத்த முதலாளி என்பதே அந்த நம்பிக்கை.

அப்படி நம்பக் காரணம் இருந்தது. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருஷம் தகடு வெட்டியவர். மெஷின் அவருக்கு இடது பக்கம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 'டங்கு டங்கு' என்று அது அடித்ததில், அந்தப் பக்கத்துக் காது வேலையை விட்டு வரும்போது அவரோடு வீட்டுக்கு வரவில்லை. வந்தவர் ஓர் எட்டடிக் கடையைப் பிடித்து, வாக்மேன், கைக்கடக்கமான ரேடியோ, ஹெட்போன், பேட்டரி என்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியபோது, அவரோடு வேலை செய்தவர்கள் கூடி நின்று சிரித்தார்கள். "ஒத்தைக் காத வச்சிக்கினு ரெண்டு காதுக்கு யாவாரம் பண்றான் பாரு" என்றார்கள். சிரித்தவர்களே முதல் மாதம் வந்து வாங்கினார்கள். ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காதில் பாட்டு இல்லாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக்கதை ஓடும், அதற்கு இது தேவலை.

ஹெட்போன்கள் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் கட்டுக்கட்டாக வரும். பத்தில் இரண்டு ஒரு பக்கம் பேசாது. எங்கள் கடையில் அதற்கு 'ஒத்தை ஊமை' என்று பெயர். அதைப் பிடிப்பதற்காக அப்பா ஒரு கேசட் தயார் செய்திருந்தார், அப்படி ஒரு கேசட் எங்கள் ஊர் மாதிரி எல்லை ஊரில் மட்டும்தான் சாத்தியம். இடது பக்கத்தில் அம்மாவின் குரல், தமிழில் மாதச் சாமான் பட்டியலை வாசிக்கும்: "துவரம்பருப்பு ரெண்டு கிலோ, புளி அரைக் கிலோ, சோப்பு நாலு..." வலது பக்கத்தில் அடுத்த கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் நஞ்சப்பா, பெங்களூர் பஸ்ஸின் நிறுத்தங்களைக் கண்டக்டர் போலக் கன்னடத்தில் கூவி, இறங்கச் சொல்வார்: "அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா, இளீரி, இளீரி..." ஹெட்போனை மாட்டினால் ஒரு காதில் மளிகைக்கடையும் மறு காதில் பஸ்ஸும் ஓட வேண்டும். மளிகை கேட்டு பஸ் கேட்காவிட்டால் வலது ஊமை, பஸ் மட்டும் ஓடினால் இடது ஊமை.

அப்பாவுக்கு பஸ் கேட்கும், மளிகை கேட்காது. அதனால்தான் நான். கோடை விடுமுறையிலும், பள்ளி இல்லாத சனிக்கிழமைகளிலும் முக்காலியில் உட்கார்ந்து, வந்த பீஸையெல்லாம் மாட்டி, "ஓகேப்பா" என்பேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து வாடிக்கையாளரிடம் நீட்டுவார். "பையன் கேட்டுட்டான், தைரியமா எடுத்துக்கங்க" என்று அவர் சொல்கிறபோது, எனக்குக் காது இரண்டும் சூடாகும். 'வாயால ஓகே சொல்லாத, காதால சொல்லு' என்று மட்டும் அடிக்கடி சொல்வார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது கோடை விடுமுறையின் முதல் திங்கட்கிழமை கடைக்குப் போனால், என் முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லா. அப்பாவோடு பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஆரோக்கியசாமியின் மகள். என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள், ஆனால் ஒரு சாண் அதிக உயரம். தலையில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, ஜெபத்தில் இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

"அங்கிள், இதுல லெஃப்ட்டு கேக்குது, ஆனா அடியில ஒரு 'இஸ்ஸ்'னு சத்தம் வருது" என்றாள்.

அங்கிள். எங்கள் சந்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமா, அண்ணா, மிஞ்சினால் 'ஏம்ப்பா'. அந்த ஒரு சொல்லில் என் அப்பா ஓர் அங்குலம் உயர்ந்து நின்றதை நான் பார்த்தேன். அந்த ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன். 'இஸ்ஸ்' எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு, "நான் நேத்தே சொல்லலாம்னு நெனச்சேன்" என்றேன். பெட்டி அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தது.

அடுத்த பத்து நாள் என் வயிற்றில் எரிந்ததை வைத்து ஒரு கல்யாணத்துக்குச் சமைத்திருக்கலாம். ராயக்கோட்டைச் சாலையிலிருந்து தக்காளி விற்க வந்த தெலுங்குக்கார விவசாயி ஒருவர் ரேடியோ கேட்டபோது, அப்பா கையால் பேசித் தடுமாற, அவள் சரளமாகத் தெலுங்கில் பேசி இரண்டு ரேடியோ விற்றாள். அப்பா பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கினால் பெரிய பாதி அவளுக்கு என்று எனக்குத் தோன்றும். பாதி பாதியாகத்தான் பிய்ப்பார், ஆனாலும் தேங்காய் அவள் பக்கம் ஒதுங்கியதாகவே என் கணக்கு. ஒரே நாளில் இரண்டு முறை அவர் வாடிக்கையாளரிடம் "பொண்ணு கேட்டுட்டா, தைரியமா எடுத்துக்கங்க" என்றார். அன்று சாப்பிடவில்லை. கடையின் பெயர்ப்பலகையில் 'ஸ்டெல்லா ஆடியோ' என்று எழுதி, சீரியல் விளக்குப் போட்டு, நான் எதிரில் நின்று வெள்ளரிக்காய் விற்பது வரைக்கும் கற்பனை போய்விட்டது.

பதினோராம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பா வங்கிக்கும் ஸ்டெல்லா பேக்கரிக்கும் போயிருந்தபோது, ஒரு ஹெட்போனின் இடது ஸ்பாஞ்சை மெதுவாக உரித்து, உள்ளே இருந்த முடி போன்ற ஒயரை பிளேடால் அறுத்து, ஸ்பாஞ்சை மூடினேன். அடையாளத்துக்கு வளையத்தின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். சுத்தமான 'ஒத்தை ஊமை'. அதை அவளுக்கு வைக்கும் அடுக்கின் உச்சியில் வைத்தேன். அவள் பகல் கனவில் எப்போதாவது ஏமாந்து ஓகே சொல்வாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பது திட்டம். அவள் ஏமாறவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பொறாமை பிடித்தவன் யோசித்துத் திட்டம் போடுவதில்லை.

அப்பா திரும்பி வந்ததும், பத்தரை மணிக்கு மாதப்பன் வந்தார். பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்கிறவர். அவர் மகன் மஸ்கட்டில் இருந்தான், கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவான். அதை டேப்பில் போட்டால் மொத்தத் தெருவும் வந்து உட்கார்ந்து கேட்கிறது, "அவன் அம்மா ஒருத்தி மட்டும் கேக்கணும்னு ஆசப்படுறா" என்று ஹெட்போன் வாங்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா அடுக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினார். நான் குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குடத்தை எவ்வளவு நேர்த்தியாகத் தூக்குகிறாள் என்று அதற்கும் எரிந்துகொண்டிருந்தேன். மனசுக்குள் துவரம்பருப்பு ரெண்டு கிலோ, புளி அரைக் கிலோ என்று பட்டியல் தன்னால் ஓடியது.

"ஓகேப்பா."

அப்பா அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மாதப்பன் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஸ்டெல்லா வந்து முக்காலியில் உட்கார்ந்து, அடுக்கின் மேலிருந்ததை மாட்டி, கண்ணை மூடி, "ஓகே அங்கிள்" என்றாள்.

வந்தது என் நாள். "இவளுக்குக் காதே இல்ல! செத்துப்போன லெஃப்ட்டுக்கு ஓகே சொல்றா!" என்று அதைப் பிடுங்கி அப்பாவிடம் நீட்டப் போனேன். வளையத்தின் அடியைத் திருப்பினேன். புள்ளி இல்லை. அடுக்கு முழுவதையும் புரட்டினேன். எதிலும் புள்ளி இல்லை.

நான் அறுத்ததற்கு நானே ஓகே சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மஸ்கட்டிலிருந்து வரப்போகும் மகனின் குரலில் பாதியை அறுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பியாகிவிட்டது. அந்த அம்மா ஒரு காதில் மகனும் மறு காதில் மௌனமுமாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கிருஷ்ணகிரி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஏறி, மூன்றாவது சீட்டில் அவரைக் கண்டுபிடித்து, மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இதக் குடுங்க. இது ஊமை."

"எது ஊமை?"

"லெஃப்ட்டு. நாந்தான் அறுத்தேன்."

"எனக்கு எதுக்குடா அறுத்த?"

"உங்களுக்கு இல்ல மாமா. ஸ்டெல்லாவுக்கு."

மாதப்பன் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தார். "வெயிலு பையனுக்குத் தலைக்கு ஏறிருச்சி" என்றார் அந்த ஆள். கண்டக்டர் விசில் ஊதினார். பெட்டியை நான் விடவில்லை, மாதப்பனும் விடவில்லை. ஆகவே மூவருமாக, அதாவது அவரும் நானும் பெட்டியும், இறங்கினோம். பஸ் போய்விட்டது. என் சட்டைக் காலரைப் பிடித்துக் கடை வரைக்கும் அவர் நடத்தி வந்தார்.

கடையில் அப்பாவின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்: பிளேடு, புள்ளி, தேங்காய் பன், வெள்ளரிக்காய் உள்பட. அழுதுகொண்டே பேசினேன். அவர் பேட்டரி அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் வந்து அழு. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுன்னு தெரியாதா?" என்றார். வலது பக்கம் போய் முதலிலிருந்து அழுதேன்.

அப்பா மேஜை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் சுற்றி, புள்ளி வைத்த ஹெட்போன் அதற்குள் இருந்தது.

"எலி கடிச்சா நூல் நூலாப் பிரிஞ்சிருக்கும். இது பிளேடு. நம்ம கடையில எலி பிளேடு வச்சிருக்காது" என்றார். மாதப்பனின் பெட்டியைப் பிரித்து, அவர் காதில் மாட்டி, கேசட்டைப் போட்டார். "ரெண்டு பக்கமும் வருதா?"

"ஒரு பொம்பள புளி கேக்குது, ஒரு ஆளு இறங்கச் சொல்றான்" என்றார் மாதப்பன். "இது நல்லாத்தான இருக்குது. இதுக்கா பஸ்ஸ விட்டேன்?"

"அரை மணிக்கு ஒண்ணு இருக்குதுங்க. டீ சாப்பிடுங்க."

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அப்பாவுக்கு இடது பக்கம் கேட்காதே, அது ஊமை என்று எப்படிப் பிடித்தார்? கேட்டேன். அவர் ஒரு ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினார். பிறகு அதைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, மறுபடி மாட்டினார். இடது பக்கத்து ஸ்பாஞ்சு இப்போது அவருடைய வலது காதின் மேல் இருந்தது.

"துவரம்பருப்பு ரெண்டு கிலோ" என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நான்காம் பத்தியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்று வருஷம் தோன்றவில்லை.

"அப்ப நான் எதுக்கு?"

"நாலாவது படிக்கிறப்ப, லீவுல, பசங்களோட ஆனை பாக்கறேன்னு சானமாவுக் காட்டு ரோட்டுல போயி நின்ன. அதுக்கப்புறந்தான் உனக்குக் காது நல்லா இருக்குன்னு கண்டுபிடிச்சேன்."

"அறுத்தத எங்கிட்டக் குடுத்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன் அங்கிள்" என்றாள் ஸ்டெல்லா. அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தச் சந்து இப்போது இல்லை, அந்த இடத்தின் மேல் மேம்பாலத்தின் ஒரு கால் நிற்கிறது. நஞ்சப்பாவின் கடை போய், கேசட் போய், ஒயர் வைத்த ஹெட்போனும் போய்க்கொண்டிருக்கிறது. என் மகள் காதில் பட்டாணி அளவுக்கு எதையோ சொருகியிருக்கிறாள். அதை இடம் மாற்றி வைத்தாலும் பாட்டு வருகிறது, ஆகவே எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்க யாருக்கும் வேலையில்லை. கடை எனக்கும் வரவில்லை, ஸ்டெல்லாவுக்கும் போகவில்லை. அது வாடகைக் கடை, தருவதற்கு அதில் எதுவும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அந்த வருஷங்களில் அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை, முதல் ஷிப்ட். மூன்றாம் வருஷம் ஸ்டெல்லாவின் வீட்டிலும் அப்பா அம்மா இருவருக்கும் முதல் ஷிப்ட். பகலில் இரண்டு வீட்டிலும் ஆள் கிடையாது. அதனால் இரண்டு பிள்ளைகளையும் கடையில் உட்கார வைத்திருந்தார்கள்.