டிரஸ்ஸர் அடித்த ஆணி

என் மேசை இழுப்பறையில் மூன்றங்குல இரும்பு ஆணி ஒன்று கிடக்கிறது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில், ஒரு கடைவீட்டின் மாடியறையில் எங்கள் காற்பந்துக் கிளப் இயங்கியது. அறையைக் காலி செய்த அன்று சுவரிலிருந்து நானே பிடுங்கி வந்த ஆணி இது. அடித்தவரை நாங்கள் டிரஸ்ஸர் என்றே அழைத்தோம். மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. ஓய்வு கிடைத்த மாலைகளில் எங்கள் பையன்களைக் கவனித்துக்கொள்ள வருவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. அடிபட்ட பையனிடம் ஓய்வெடு என்றால் கேட்க மாட்டான், கமிட்டியும் கேட்காது. டிரஸ்ஸர் அதனால் வாதாடுவதில்லை. பையனின் பூட்ஸைக் கழற்றி, இரண்டின் கயிறுகளையும் சேர்த்து இறுக முடிந்து, அந்த ஆணியில் மாட்டிவிடுவார். கிளப் கொடுத்த ஒரே ஜோடி. வேறு பூட்ஸுக்கு வழியில்லை. "உன்ன ஆணியில ஏத்திட்டாருடா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். முடிச்சை அவிழ்க்கும் கை அவருடையது மட்டுமே.

அப்போது நான் செயலாளர். பயிற்சி நடந்த தேதி, மழை பெய்ததா, யார் வந்தார்கள், யாருக்கு எங்கே அடி என எதையும் விடாமல் குறித்து வைப்பேன். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை. ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. இடது ஓரத்தில் ஆடும் பதினாறு வயதுப் பையன், தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன், கோல்கீப்பரின் முழங்காலில் தலை மோதி விழுந்தான். உடனே எழுந்து சிரிக்கவும் செய்தான். டிரஸ்ஸர் அவனை உட்கார வைத்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"செவ்வாண்ணே."

"பரீட்சையில கேட்டாலும் இப்படித்தான் சொல்வான்லா!" என்றான் கோல்கீப்பர். எல்லோரும் சிரித்தோம். டிரஸ்ஸர் மட்டும் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "மூணு வாரம். அதுக்குள்ள தலையில இன்னொரு அடி பட்டுச்சுன்னா, அதுக்குக் கட்டுப் போட எனக்குத் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன். இறுதி ஆட்டமோ அடுத்த வார ஞாயிறு.

இடையில் ஒரு வெள்ளி வந்தது. வெள்ளிதோறும் அறையில் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டுவோம். பையனின் பூட்ஸ் தொங்கிய ஆணி எதிர்ச்சுவரில் இருந்தது. நான்கு வருடங்களாக எத்தனையோ வெள்ளிகளில் எத்தனையோ ஜோடிகள் அதில் தொங்கியிருக்கின்றன. சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் தலைவர், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் திரும்பினார். "சாமி படம் இருக்கிற ரூம்ல தோல் பூட்ஸ தொங்க விடலாமா தம்பி? எடுத்துக் கீழ வைப்பா."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரியும். பூட்ஸை எடுத்துப்போய் மாடிப்படியின் கீழே, மற்றவர்களின் செருப்புகளோடு வைத்தேன். திருநீறு பூசிக்கொண்டு இறங்கிய பையன் அதைக் கண்டு நின்றான்.

"அண்ணே, டிரஸ்ஸர் அண்ணே சரின்னுட்டாரா?"

"கீழதானே இருக்கு" என்றேன்.

முடிச்சு அவன் கைக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான்.

ஞாயிறன்று டிரஸ்ஸருக்கு மருத்துவமனையில் வேலை முறை. மதியம் பெய்த மழையில் தோல் பந்து ஊறிக் கல்லாகியிருந்தது. பிற்பாதியில் பையன் எம்பி அதைத் தலையால் முட்டினான். நாலடி நடந்தான், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவனைப்போல் குனிந்தான், அப்படியே சரிந்தான். டாக்சியில் கொண்டுபோனோம். வாசலில் அவனைக் கையில் வாங்கியது டிரஸ்ஸர்தான். காலில் இருந்த பூட்ஸை ஒரு முறை பார்த்தார். அவனை உள்ளே தூக்கிப்போனார்.

ஆட்டத்தில் வென்றோம். புதன்கிழமை கமிட்டி கூடியது. "காலணிகளை உரிய பாதுகாப்பில் வைக்கத் தவறியமைக்காக டிரஸ்ஸர் மீது வருத்தம் தெரிவிக்கப்படுகிறது" என்று தலைவர் சொல்லச் சொல்ல அதே பதிவேட்டில் எழுதினேன். அழகான கையெழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை. ஆதரித்துத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

சனிக்கிழமை டிரஸ்ஸர் வந்தார். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார்.

"தேதி சரியா போட்டிருக்கீங்க" என்று மூடி என் கையில் கொடுத்தார். அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசியவர். அதன்பின் மாடியேறவே இல்லை. சுளுக்கோடும் வீக்கத்தோடும் பையன்கள் ஆடினார்கள், அதையும் குறித்தேன்.

பையன் பிழைத்தான், அவ்வளவுதான். எந்த வேலையிலும் நிற்க முடியவில்லை. அறுபதுகளில் சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டேயிருப்பான். என்னைக் கண்டால் மலர்ந்து நிற்பான். "அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?" ஒருமுறைகூட நான் தவறாகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

இப்போது இருப்பது ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீடு. பதிவேட்டில் டிரஸ்ஸரைப் பற்றிய அந்த வரியை அடித்து உண்மையை எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை தூக்கியவர்களில் நான் மட்டுமே மீதி. சென்ற வாரம் பேனாவைத் திறந்தேன். பக்கத்தின் மேலே தேதி சரியாகத்தான் இருந்தது. பேனாவை மூடி, பதிவேட்டை இழுப்பறையில் வைத்தேன், ஆணியின் மேல்.