நிறம் பூசியவள்

அக்காளும் தங்கையும் ஒரே நிலநடுக்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தால், வீட்டுச் சண்டைக்கு ஆபீசிலும் நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

பெரியவள் கணக்குக்காரி. பூமிக்கடியில் பாறை உடைந்தால் அலை எந்தப் பக்கம் ஓடும், எந்தத் தெருவை எவ்வளவு உலுக்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பவள். வருஷக்கணக்காக அதிலேயே கண் மங்கியவள். சின்னவள் அந்த எண்களை வாங்கி, அதிரும் இடத்துக்குச் சிவப்பு, அடங்கிய இடத்துக்கு நீலம் என்று நிறம் கொடுத்துப் படமாக ஓட விடுவாள். பார்க்க வருகிறவர்களெல்லாம் சின்னவளைத்தான் சூழ்ந்துகொள்வார்கள்.

பெற்ற தாயே போனில், "உன் தங்கச்சி பூகம்பத்தையே கண்ணு முன்னால ஆட வச்சுட்டாளாமே!" என்றதும் பெரியவள் வெடுக்கென்று பதில் சொன்னாள்.

"ஆட வச்சது நான்மா. அவ பவுடர் போட்டுவிட்டா, அவ்வளவுதான்."

புது ஆஸ்பத்திரியை ஆற்றோரப் பள்ளத்தில் கட்டலாமா என்று முடிவு செய்ய நகர மண்டபத்தில் கூட்டம். படம் வேண்டாம், கிராஃப் கோடுகளே போதும் என்று அடம்பிடித்துப் பெரியவள் முதலில் பேசினாள். முன்வரிசையில் கொட்டாவி தொற்றுநோயாகப் பரவியது. ஆய்வுக்கூட இயக்குநர் ஜாடை காட்ட, சின்னவள் படத்தை ஓட விட்டாள். சிவப்பு அலை நகரத்தின்மேல் விரிந்தது. மேட்டுத் தெருக்கள் நீலமாக அடங்கிவிட்டன. ஆற்றோரப் பள்ளம் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

பழைய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் எழுந்தேவிட்டார். "எல்லா இடமும் நின்னுடுச்சு. நாம கட்டப்போற இடம் மட்டும் ஏன் இன்னும் ஆடுது?"

சின்னவள் பெரியவளைக் கைகாட்டினாள். "அது அக்காவுக்குத்தான் தெரியும். கணக்கு முழுக்க அவங்க போட்டது."

பெரியவள் எழுந்தாள். "அங்க அடியில மெத்துன்னு வண்டல் மண்ணுங்க. சுத்திப் பாறை. உள்ள போன அலை வெளிய வர வழியில்லாம அங்கேயே மோதிக்கிட்டுக் கிடக்குது."

மண்டபம் மூச்சுவிடாமல் கேட்டது. ஆஸ்பத்திரியை மேட்டில் கட்டுவதென்று அன்றைக்கே முடிவானது.

பெரியவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பேசக் கிடைத்த வாய்ப்பும் தங்கை போட்ட பிச்சை என்றே மனம் கரித்தது. திரும்பும் வழியில் காரில் சின்னவள், "கலக்கிட்டக்கா!" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் பேப்பரில் சிவப்புப் பள்ளத்தின் படம். கீழே சின்னவள் பெயர் மட்டும்.

"என் பேரு எங்கடி?"

"நான் சொன்னேன்க்கா, பேப்பர்காரங்க போடல."

"அப்போ படத்து மேலேயே எழுது. யாரும் வெட்ட முடியாத இடத்துல."

சின்னவள் எழுதினாள். பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பெருசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.