பித்தளைப் பெண்டாட்டியின் அகப்பை

கட்டுக்கதை என்று சிரிக்கிறவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து சூசைதாசனிடமே கேட்டுப் பார்க்கட்டும். பட்டப்பகலில், கொளுத்தும் வெயிலில் நடந்தது. 1978 மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை.

சூசைதாசன் பித்தளையில் விளையாட்டுச் சாமான் செய்கிறவர். கைபிடியைச் சுற்றினால் பெண்டாட்டி அகப்பையால் புருஷன் தலையில் டங்கென்று போடுவாள். அவன் குந்தி எழும்புவான். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த யோசனை கூட்டாளி செல்லையாவுடையது. பாதி வேலையும் அவருடையதுதான். ஆனால் கண்காட்சிக்குப் போகிற சாமானின் அடித்தகட்டில் சூசைதாசன் தன் பேரை மட்டும் வெட்டிப் பொறித்துவிட்டார். செல்லையா கேட்டதற்கு, "உன்ர பேரை ஆர் கேட்டவன்?" என்று எரிந்து விழுந்தார். இரண்டு கிழமையாகப் பேச்சுவார்த்தை இல்லை. கண்காட்சி மறுநாள்.

பிற்பகல் 2.10. வாசலில் செல்லையா.

சூசைதாசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன வேணும்?"

"பேர்."

"வெட்டினது வெட்டினதுதான். வெளியில போ."

செல்லையா போகவில்லை. மேசைக்கு வந்தார். கைபிடியைப் பிடித்து இடப்பக்கம் சுற்றினார். இடப்பக்கம் சுற்றினால் சக்கரத்தின் பல் உடையும். அந்தப் பல்லை அரத்தால் ராவியவரே அவர்தான்.

உடையவில்லை.

டங்... டங்...

அகப்பை அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

அந்த வெக்கையிலும் செல்லையாவின் முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. தரையெல்லாம் அரத்தூள்... அதில் கால் தடம் இல்லை.

சூசைதாசன் அதைக் கண்டார். கோபம் விடவில்லை.

"போடா. இனி இந்தப் பக்கம் வராதை."

"போயிட்டு வாறன்," என்றார் செல்லையா.

இருபது வருஷமாக வேலை முடிந்து போகும்போதெல்லாம் சொல்கிற அதே சொல். மணி 2.14.

2.20. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நிலாம் ஓடி வந்தார். கடை டெலிபோனுக்குச் செய்தி வந்திருந்தது.

"சூசை அண்ணன்... செல்லையா மௌத்தாம். காலத்தால அஞ்சு மணிக்கே உசிர் போயிட்டாம்."

சூசைதாசன் சாமானைக் கவிழ்த்தார்.

அடித்தகட்டில் தன் பேர் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. ராவிய தகடு இன்னும் சுட்டது.

அன்றைக்கே அந்த இடத்தில் செல்லையாவின் பேரை வெட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

போகிறவர் எவரும் நம்மிடம் 'போறன்' என்று சொல்வதில்லையே, 'போயிட்டு வாறன்' என்றுதானே...

மறுநாள் 2.10.

பட்டறையில் ஒருவரும் இல்லை. கண்காட்சிக்கு அனுப்பாமல் விட்ட சாமான் மேசையில் இருந்தது.

கைபிடி இடப்பக்கம் சுற்றியது.

டங்...