கண் நெய்யாத முகம்

இலக்கியத்தோடு துணைப்பாடமாக நுண்கலையும் படித்த வருடம், எகிப்தியக் கிறிஸ்தவர்களான கொப்டிக் மக்களின் பழைய துணிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். சட்டையின் தோளில் அமையும் வட்டத் துண்டுகள். கொடிகளுக்கு நடுவே முயல், பறவை, அல்லது அகன்ற கண்களுடைய ஒரு முகம். இறந்தவர்களை உடுத்திய உடையோடே புதைத்திருக்கிறார்கள். பாலைவனத்தின் உலர்மணல் உடலைவிடத் துணியையே நன்றாகக் காத்திருந்தது.

கட்டுரையுடன் ஒரு முகத்தையும் நெய்து வைக்க விரும்பினேன். காத்தான்குடியில் தறி வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டைச் சேர்ந்த என் வகுப்புத் தோழி நெய்து தரச் சம்மதித்தாள்.

"கண்ணு மட்டும் நெய்ய மாட்டன்கா. மறுமையில இதுக்கு உசிரக் குடு எண்டு கேட்டா, நீயா வந்து நிப்பாய்?"

சிறிய சட்டத்தில் பாவு கட்டி, முகத்தைப் பக்கவாட்டில் கிடத்தி, துணியின் பின்புறம் எங்கள் பக்கம் இருக்க நெய்தாள். கருஞ்சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் பிணைக்காமல் வந்த வழியே திருப்பிவிட்டால், அங்கே ஒரு கீறல் திறந்தபடி நிற்கும். கண்களுக்குரிய இடங்களில் அவ்வாறு இரண்டு கீறல்களை விட்டாள். அறுத்துத் திருப்பும்வரை அந்த முகத்தை நாங்கள் நேராகப் பார்க்கவில்லை.

கல்லடியில், எங்கள் வீட்டில், அந்தப் பழைய துணிகளின் கதையைக் கேட்டபடி அம்மா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அண்ணனைச் சுனாமி கொண்டுபோனபோது நான் கைக்குழந்தை. உடல் கிடைக்கவில்லை. ஈமக்கடன் எதையும் செய்ய அம்மா இதுவரை விட்டதில்லை.

"அந்தத் துணியெல்லாம் மண்ணுக்குள்ள உக்கிப் போகாமக் கிடந்துதா?"

"அங்க மழையில்லம்மா. இங்க எண்டா உக்கிடும்."

"உக்கட்டும். அண்டைக்குச் சட்டையில்லாம வெறும் மேலோட போன புள்ள." அலுமாரியிலிருந்து அண்ணனின் நீலச் சட்டையை எடுத்து வந்தார். "இதுர தோள்ல தைச்சுத் தா. நாளைக்கு மண்ணுக்குள்ள வைப்பம்."

மறுநாள் காலை அம்மா வேலியோரம் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து என் அருகே அமர்ந்தார். கடைசித் தையலை முடித்துச் சட்டையை விரித்துப் பிடித்தேன். கீறல்களுக்குள் சட்டையின் நீலம் தெரிந்தது. தோழி நெய்ய மறுத்த கண்கள் இரண்டும் வந்திருந்தன. என் கை சற்று அசைய, துணி இழுபட்டு, அவை அம்மாவின் பக்கம் திரும்பின.



"பாக்கிற புள்ளைய எப்பிடி மண்ணுக்குள்ள வைக்கிற?" என்றார் அம்மா.

கட்டுரையை முகமில்லாமலே ஒப்படைத்தேன். சட்டை உள்ளறையில் தொங்குகிறது. காற்று எழும் நேரங்களில், அந்த முகம் கடற்பக்கம் திரும்பிவிடாதபடி, அம்மா யன்னலைச் சாத்திவிடுகிறார்.