சில்லியை விட்டார், ரோலை விடவில்லை

வெர்லின் கோஸ்மிக்கிக்கு வாய்தான் சோறு போட்டது. நெப்ராஸ்காவில், லூப் ஆற்றங்கரை மாட்டு ஏலக் கொட்டகையில் மைக்கைப் பிடித்தாரென்றால் மூச்சு விடாமல் விலையை ஏற்றுவார். வேடிக்கை பார்க்க வந்தவன் மூக்கைச் சொறிந்தால்கூட, அதையே விலை கேட்டதாக எடுத்துக்கொண்டு அவன் தலையில் ஒரு கன்றைக் கட்டிவிடுவார். தொண்டை காயாமலிருக்க ஒரு சிவப்பு லவங்கப்பட்டை மிட்டாய் வாயில் எப்போதும் ஒதுங்கியிருக்கும். அவருக்கு ஊரில் எதிரி கிடையாது, மைத்துனர் மெர்லைத் தவிர. மெர்லும் ஏலம் கூவப் படித்தவர். வெர்லினுக்கு என்றைக்குத் தொண்டை கட்டும் என்று காத்துக்கொண்டே வயதாகிப் போனவர்.

அந்தக் கோடையில் தொண்டை கட்டவில்லை, வாய் எரிந்தது. காப்பி பட்டாலும் எரிந்தது, பால் பட்டாலும் எரிந்தது. தோல் டாக்டர், கன்னங்களின் உட்புறம் வெள்ளைக் கோடுகள் வலைபோல் பின்னியிருப்பதைப் பார்த்து "லைக்கன் பிளேனஸ்" என்று நோய்க்குப் பெயர் சொல்லி, கொப்பளிக்க ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார். கொப்பளிக்கக் கொப்பளிக்க வாயெல்லாம் தயிர் அப்பியது மாதிரி ஆயிற்று. குடும்ப டாக்டர் அதைப் பார்த்து "பூஞ்சை" என்றார். பல் டாக்டரோ நாக்கின் இடது ஓரத்துச் சிவப்பைப் பார்த்ததும் ஜோக்கடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான்: காரத்தை விடு.

வெர்லின் சில்லியை விட்டார். மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாயும் கொதிக்கும் அந்தக் கிண்ணத்தை விட்டதில் ஆளே பாதியானார். எரிச்சல்தான் விடவில்லை. அக்டோபர் கன்று ஏலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மைக்கை மெர்லிடம் கொடுத்தால் அது திரும்பி வராது. நாக்கிலிருப்பது புற்றுநோய் என்றால் மைக்கைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. மனைவி ஆர்லிஸுக்குத் தெரியாமல், டார்ச்சும் கையுமாகக் குளியலறைக் கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார். பயமாக இருந்தது.

லிங்கன் நகரில் வாய் நோய்களை மட்டுமே பார்க்கும் டாக்டர் டுவோராக், பரிசோதனை முடிவோடு அறைக்குள் வந்தார். "புற்றுநோய் இல்லை," என்றார் முதல் வேலையாக. ஆர்லிஸ் கணவரின் கையை நசுக்கிவிட்டார்.

டாக்டர் ஒரு துணியால் வாய்க்குள் துடைத்தார். "துடைச்சா வர்றது பூஞ்சை, கொப்பளிச்ச மருந்தால வந்தது. கன்னத்துல ரெண்டு பக்கமும் துடைச்சாலும் வராத கோடு, லைக்கன். நாக்குல ஒரு பக்கம் மட்டும் ஏன் சிவந்திருக்கு, அதுதான் இடிக்குது. என்ன சாப்பிடுறீங்க?"

"காரமே கிடையாது டாக்டர். சில்லியைக் கண்ணால பாத்து ரெண்டு மாசமாச்சு."

"ரோல் மட்டும்தான்," என்றார் ஆர்லிஸ். "சில்லி இல்லாத ஏக்கத்துல ரெண்டா சாப்பிடுறார்."

சில்லிக்குக் கூடவே பட்டை ரோலை, பட்டைத்தூளும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய அந்த இனிப்பு ரொட்டியை, எல்லோரும் தின்கிற அதே மண்ணில் வளர்ந்தவர்தான் டாக்டரும். அதனால் தலையாட்டிவிட்டார். பிறகுதான் உறைத்தது.

"பட்டை ரோலா?"

"அது இனிப்பாச்சே," என்றார் வெர்லின். சொல்லிக்கொண்டே, நிம்மதி வந்த சந்தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்தார்.

"அது என்ன?"

"தொண்டைக்கு. பட்டை மிட்டாய்."

"எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?"

வெர்லினின் நாக்கு தானாக இடப்பக்கம் போய் நின்றது.

"நம்ம பல் பேஸ்ட்டும் பட்டைதான்," என்றார் ஆர்லிஸ், சின்னக் குரலில்.

"அப்போ வாயில மூணு நோய். ஒரே பட்டியில மூணு பேரோட மாடு," என்றார் வெர்லின்.

"ஆமா. நாக்குச் சிவப்பு, பட்டை ஒத்துக்காம வந்தது. அதுக்கு நீங்களே தீனி போட்டிருக்கீங்க. லைக்கன் போகாது, ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும். மத்த ரெண்டையும் ஓட்டிரலாம். பட்டை மட்டும் கூடவே கூடாது."

கன்று ஏலத்தன்று மதியம், கொட்டகைச் சாப்பாட்டுக் கடையில் வெர்லின் காரம் குறைத்த சில்லி கேட்டார். பரிமாறும் பெண் ரோலையும் வைத்தாள். "ரோல் வேண்டாம்மா," என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. சில்லியை ரோல் இல்லாமல் சாப்பிடுகிற மனிதனுக்கு ஆயுளில் இனி என்ன மிச்சம் இருக்கும்? ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மெர்ல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "கன்னுகளை நான் பாத்துக்கறேன் வெர்லின். நீ நிம்மதியா இரு."

வெர்லின் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார், வாயைத் துடைத்தார், மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். எரியாத வாயிலிருந்து விலைகள் மடமடவென்று கொட்டின. மெர்ல் ஏமாற்றத்தோடு தொப்பியைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"சிவப்புக் கன்னு," என்றது ஒலிபெருக்கி, "தொப்பியைத் தூக்கின மெர்லுக்கு. கொடுத்தாச்சு."