புங்கமரத்தடியில் ஒரு குறுக்கு விசாரணை

நாலு வருடங்களுக்கு முன்பு, மதுரையில் நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் நடந்தது இது. கல்லூரி என்றதும் என்னை இருபது வயதுப் பெண்ணாக நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு முப்பத்தொன்பது. ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் பதினைந்து வருடம் கிளார்க்காக இருந்து, பிள்ளைகளுக்கு டி.சி.யும் போனஃபைடு சர்டிபிகேட்டும் எழுதி எழுதி அலுத்துப்போய், "நானும் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்று வேலையை விட்டவள். என் கணவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வீட்டுல வாதாடுறது பத்தலையாக்கும்?" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மறுநாள் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

மூன்று வருட சட்டப் படிப்பில் ஒரு வசதி, ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால் எந்த வயதிலும் சேரலாம். அதனால் எங்கள் வகுப்பில் எல்லா வயதும் இருந்தது. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் முதல் பெஞ்சில் இருப்பார். அவரை நாங்கள் ஏட்டையா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தொரு வயதுப் பையன்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள" என்று தோளில் கை போடுவதும், அவர் அதை ரசிப்பதும் தினசரிக் காட்சி. ஒருவருக்கொருவர் "என்ன வக்கீலே" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். யாருக்குக் கல்யாணம் என்றாலும் மண்டப வாசலில் எங்கள் முகங்களைப் போட்டு "வருங்கால நீதியரசர்கள்" என்று ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். ஒரு செமஸ்டர் கூட அரியர் இல்லாமல் தாண்டாதவர்கள்தான் அதில் பெரிய படமாக இருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது புங்கமரத்தடி கோர்ட். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். வகுப்புக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அங்கேதான் தீர்ப்பு. புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். யாரைக் குற்றம் சொல்கிறோமோ அவருக்கு ஒரு வக்கீல் கட்டாயம் உண்டு. நீதிபதி வாரம் ஒருவர், முறை வைத்து. ஏட்டையாதான் டவாலி. போலீஸ் தொண்டையில் அவர் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேன்டீனில் பரோட்டா போடுபவரே ஒரு கணம் நின்றுவிடுவார். கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் சாட்சிக் கூண்டு. டிபன் பாக்ஸில் இருந்த கோழித் துண்டு காணாமல் போன வழக்கு, முதல் வருடத்திலேயே பைக்கில் "அட்வகேட்" ஸ்டிக்கர் ஒட்டிய வழக்கு என்று பல வழக்குகள் பார்த்த மன்றம் அது. ஸ்டிக்கர் ஒட்டியவனை எல்லோர் முன்னிலையிலும் நகத்தாலேயே சுரண்டச் சொன்னார்கள். அதிலிருந்து அவன் பெயரே ஸ்டிக்கர் ஆகிவிட்டது.

சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவள்தான் நான். ஒருநாள் அந்த உடைந்த நாற்காலியில் உட்காருவேன் என்று நினைத்ததில்லை.

கடைசி வருடத்தில் ஒரு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். கோர்ட்டுக்கு நேரில் போய், உண்மையான வழக்கு விசாரணையை உட்கார்ந்து பார்த்து, நாள்வாரியாகக் கையால் எழுத வேண்டும். ஒரு வக்கீலிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருடம். நான் பள்ளி ஆபீஸ்காரி. சிவப்பு மையில் கோடு போட்டு, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி அந்த நோட்டைக் கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தேன். என் பேட்ச் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், அடுத்த பேட்சுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

முந்தின நாள் எழுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் தம்பி என்னிடம் வந்தான். அதிகம் பேசாதவன், கடைசி பெஞ்ச். "அக்கா, ஒங்க ரெக்கார்ட ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்" என்றான். "பாத்து எழுதுறதுக்கா? ஒழைச்சு எழுது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பையை என் பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அந்தத் தம்பி என் பெஞ்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நகர்ந்துவிட்டான். முதல் பீரியட் முடிந்து பையைத் திறந்தால் நோட்டு இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. காலையில் வேதம் வாசித்து ஜெபம் பண்ணிவிட்டு வந்தவள்தான். ஆனாலும் இரண்டு நிமிடத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு செய்தி போட்டேன்: "என் ரெக்கார்டு நோட்டை எடுத்தவர் எழுமலை பஸ் ஏறும் முன் திருப்பித் தரவும். இல்லையென்றால் பிரின்சிபாலிடம் போவேன்." எழுமலை பஸ் ஏறுகிறவன் எங்கள் வகுப்பில் ஒரே ஒருவன்தான். பெயர் போடாமல் எழுதிவிட்டேனே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குரூப்பில் ஒரு பதிலும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் பத்து மீம் போடும் குரூப் அது.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி எழுந்து வந்து ஏட்டையாவிடம் அரைத்தாள் ஒன்றைக் கொடுத்தான். புகார் மனு. தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக என் மேல். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, பிரின்சிபால்ட்ட தாராளமாப் போங்க. அதுக்கு முன்னாடி நம்ம கோர்ட்டுல ஒரு தடவ விசாரிச்சுருவோம்" என்றான். "விசாரிப்போமே, எனக்கென்ன பயம்?" என்றேன்.

மதியம் ஒரு மணிக்குப் புங்கமரத்தடியில் வகுப்பே கூடிவிட்டது. அந்த வாரம் நீதிபதி நம்ம ஸ்டிக்கர். ஏட்டையா மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். திருட்டுப் பழி விழுந்தது அந்தத் தம்பி மேல் என்பதால் வக்கீல் அவனுக்குத்தான் என்றது கோர்ட். யார் அந்த வக்கீல் என்று பார்த்தால், எழுந்து நின்றவள் ஒத்தக்கடைப் பெண். மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபனில் பாதியைத் தின்றவள்!

"ஏய், நீயா?" என்றேன்.

"பழக்கம் வேற, வக்காலத்து வேற அக்கா" என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "நோட்டக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து ராத்திரி. வீட்டுல, சாப்பாட்டு மேசையில."

"காலையில பைக்குள்ள வச்சதக் கண்ணால பாத்தீங்களா?"

"வைக்காமயா வருவேன்?"

"பாத்தீங்களான்னுதான் கேட்டேன்."

"பாக்கல."

"சரி, தம்பி ஒங்க பெஞ்சுகிட்ட நின்னதப் பாத்தீங்க. பையத் தொட்டதப் பாத்தீங்களா?"

"நின்னான்ல? வேற எதுக்கு அங்க வந்து நிக்கணும்?"

அவள் நீதிபதி பக்கம் திரும்பி, "ஐயா, சாட்சி எங்கிட்டயே கேள்வி கேக்குறாக" என்றாள். மரத்தடியே சிரித்தது. எனக்கு இன்னும் ஏறியது.

"நோட்டத் தேடுனப்ப பைக்குள்ள என்னென்ன இருந்துச்சு?"

"டிபன் பாக்ஸு, தண்ணி பாட்டிலு, குடை, எவிடன்ஸ் ஆக்ட் புஸ்தகம், எம்மக நோட்டு ஒண்ணு."

"என்ன நோட்டு?"

"சோசியலு. எட்டாங்கிளாஸ்."

"மக நோட்டு ஒங்க பைக்குள்ள எப்பிடி அக்கா வந்துச்சு?"

"காலையில வீட்டுல கரண்ட் இல்ல. இருட்டுல அவசரமா மாத்தி வச்சிருப்பா. ரெண்டுக்கும் ஒரே பிரவுன் அட்டதான போட்டிருக்கு..."

அந்த இடத்தில் என் வாய் தானாக நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டேன். தேடும்போது அந்த சோசியல் நோட்டை நான் கையிலேயே எடுத்தேன். "எங்க வச்சிருக்கா பாரு கழுத" என்று திட்டிவிட்டு ஓரமாகத் தள்ளினேன். அவள் நோட்டு என் பையில் இருந்தால் என் நோட்டு எங்கே இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. குற்றவாளியைத்தான் முன்கூட்டியே பிடித்துவிட்டேனே!

"எங்க தரப்புல வேற கேள்வி இல்ல" என்று ஒத்தக்கடைப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் படிப்பது நான் வேலை பார்த்த அதே பள்ளியில்தான். ஆபீஸில் என் பழைய சிநேகிதிக்கு போன் போட்டேன். "ஸ்பீக்கர்ல போடுங்கக்கா" என்று கோர்ட் உத்தரவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து அவள் குரல் வந்தது: "ஆமாடி, இங்கதான் இருக்கு. ஓம் பேருதான் போட்ருக்கு. உள்ள சாட்சி, கூண்டுன்னு என்னென்னமோ எழுதிருக்க. சோசியல் மிஸ்ஸு நோட்டுக் கட்டோட கட்டா எடுத்து, மேப் ஒட்டலன்னு செவப்பு மையில எழுதிவிட்டுட்டாக!"

சிரிப்பு அடங்கவே வெகு நேரம் ஆனது. ஏட்டையா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வெட்கத்தோடு நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தேன்.

நீதிபதி தீர்ப்புக்கு முன் அவனிடம், "நீ எதும் சொல்றியா மாப்ள?" என்று கேட்டான்.

அவன் எழுந்து நின்றான். "அக்கா பெஞ்சுகிட்ட நான் வந்தது, ரெக்கார்டுல மார்ஜின் எப்பிடிப் போடணும்னு கேக்கத்தான். நேத்து எல்லாரும் சிரிச்சதால மறுபடி கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் போயிட்டேன்" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "எங்க ஊர்ல எவன் தோட்டத்துல மோட்டாரு காணோம், ஒயரு காணோம்னாலும் மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வருவாக. எங்கப்பாவ மூணு தடவ நடு ஊர்ல நிப்பாட்டியிருக்காக. மூணு தடவையும் பொருளு வேற எடத்துல கெடச்சுச்சு. அப்பாவுக்காக ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. இன்னைக்கி எனக்காக ஒருத்தவுக எந்திரிச்சுக் கேட்டாக. அது போதும்ணே. அக்காவுக்கு அபராதமெல்லாம் வேணாம்."

ஏட்டையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் அப்பிடி யோசிக்காமத் தெருவுக்குள்ள போனவன்தான்யா" என்று மெல்லச் சொன்னார். ஒத்தக்கடைப் பெண் தலையைக் குனிந்து துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. எழுந்து, "தம்பி, தப்புப் பண்ணிட்டேன்ப்பா. மன்னிச்சுரு" என்றேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், அறுபது பேர் முன்னால் அழுதேன்.

"இங்க சொன்னது பத்தாது" என்றான் ஸ்டிக்கர். "எந்தக் குரூப்புல போட்டீங்களோ அதே குரூப்புல போடுங்க. எழுமலைன்னு ஊரப் போட்டீங்கள்ல, இப்பப் பேரப் போட்டு எழுதுங்க. அப்புறம், திங்கக்கெழம கிளாஸுக்கே கோழி பிரியாணி. அபராதம் வேணாம்னு அவன் சொல்லலாம், நாங்க சொல்ல மாட்டோம்!" கைதட்டல் பறந்தது. அங்கேயே நின்று எழுதினேன். முதல் செய்தியை இரண்டு நிமிடத்தில் எழுதியவளுக்கு இதை எழுத இருபது நிமிடம் பிடித்தது.

மணி இரண்டு. பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கடைசியில். நாலு மணிக்குள் நோட்டு வந்தாக வேண்டும். என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கையில் அந்தத் தம்பி ஸ்டிக்கரிடம் பைக் சாவியை வாங்கிக்கொண்டு வந்தான். "ஏறுங்கக்கா. போயிட்டு வந்துரலாம்."

வெயில் கொளுத்தியது. சிம்மக்கல் நெரிசலில் பைக் ஊர்ந்தபோது, "ஏந்தம்பி, எம்மேல கோவமே இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குக்கா. அதுக்காக ஒங்க ஒரு வருசத்த வீணாக்குவாகளா?" என்றான். நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றே முக்காலுக்கு நோட்டை ஒப்படைத்தோம். பேராசிரியர் புரட்டிப் பார்த்து, "இது என்னம்மா, மேப் ஒட்டவும்?" என்றார். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், பதில் சொல்லவே முடியவில்லை.

அவன் அடுத்த பேட்ச். மறுநாள் சனிக்கிழமை திருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மார்ஜின் போடுவதிலிருந்து ஆரம்பித்து உட்கார்ந்து தன் ரெக்கார்டை எழுதினான். அவன் பார்த்திருந்த வழக்கு என்னுடையதை விட நல்ல வழக்கு, எழுதியதும் என்னை விட நன்றாகவே எழுதியிருந்தான். திங்கட்கிழமை பிரியாணி அண்டாவைக் கேன்டீனுக்குத் தூக்கி வந்ததும் அவன்தான். குரூப்பில் மீம் மழை பொழிந்தது. எல்லாவற்றிலும் என் முகம், கையில் இந்தியா மேப்.

இன்று அவன் உசிலம்பட்டியில் வக்கீல், நான் மதுரையில். ஒரு வழக்கில் எதிரெதிராக நின்றோம், அவன்தான் ஜெயித்தான். வெளியே வந்ததும் "அக்கா, டீ குடிக்கலாம் வாங்க" என்று கூட்டிப்போனான். என் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர், "சத்தியமா அவன்தான் எடுத்தான் மேடம், வேற யாரும் இல்ல" என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் ஜெபம் பண்ணிவிட்டு வந்த என் கையிலிருந்தே அந்தச் சொல் இரண்டு நிமிடத்தில் எவ்வளவு சுலபமாகப் போனது என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.