வாசலில் நின்று பெயர் கேட்டால்

மெட்டில்டாவைக் கண்டாலே குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டிக் காப்பீட்டு அலுவலகத்தில் அவள் பார்த்த வேலை அப்படி. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான அரசுக் காப்பீட்டில், தலைக்கு இவ்வளவு என்று வருஷத் தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் பணம் போய்விடும். அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பார்க்காமல் விட்டால் அத்தனையும் லாபம். அப்படி விடாமல் பார்க்கவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது; அந்த ஆள் மெட்டில்டா. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உட்காருவாள். குரலை உயர்த்த மாட்டாள். காரியம் முடியாமல் எழுந்திருக்கவும் மாட்டாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவளோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்த யாராலும் ஆகாது.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஃபேக்டரியை மூடிவிட, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிச் சனம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களில் ஒருத்தி, சிலோனிலிருந்து வந்த குடும்பத்து அன்னக்கிளி. அவள் மகள் ரஞ்சனிக்கு ஐந்து வயது, இதயத்தில் ஓட்டை. மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டரே சொல்லியும் ஆஸ்பத்திரி அசையவில்லை. மெட்டில்டா போய்க் கேட்டாள்.

"அந்தக் குழந்தை இறந்துருச்சுங்க மேடம்," என்றார் மேனேஜர் சின்னராஜ். "எங்க ஆளு நேர்ல போயே விசாரிச்சானுங்க. பெத்தவளே சொல்லியிருக்கா."

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சின்னராஜ் முகத்தில் இருந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

நடுமத்தியானத்திலேயே லயத்தை மூடுபனி விழுங்கியிருந்தது. வரிசையாகப் பூட்டிய கதவுகள். கடைசி வீட்டுப் படியில் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தது. உதடும் நகமும் நாவல்பழ நிறம்.

"ரஞ்சனி வீடு எது கண்ணு?"

"ரஞ்சனி செத்துருச்சு."

"நீ யாரு?"

"ரஞ்சனி."

மெட்டில்டா படியேறினாள். உள்ளே அன்னக்கிளி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே மெட்டில்டா பிள்ளையைப் பற்றிக் கேட்க, "செத்துப் போச்சுங்க," என்றாள். அந்தப் பிள்ளை எழுந்து போய் அவள் முழங்காலில்தான் சாய்ந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மருதாம்பாளும் எட்டிப் பார்த்து, "ஆமாங்க, செத்துப் போச்சு," என்றாள். இரண்டு முகத்திலும் கள்ளம் இல்லை. மெட்டில்டாவுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கோழிக்குஞ்சைப் பிடித்தமாதிரி உள்ளங்கையில் துடித்தது.

வழியனுப்ப வந்த மருதாம்பாள் லயம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூத்தது ரெண்டும் தவறிப்போச்சுங்க. ரெண்டு தடவையும் அதுக்கு முன்னாடி யாரோ வாசல்ல நின்னு பேரு கேட்டுட்டுப் போனாங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதனாலதான் இது அவ புள்ளை இல்லேன்னு ஆக்க, தவிட்டுக்கு என்கிட்ட வித்துட்டா. யாரு கேட்டாலும் செத்துப்போச்சுன்னுதான் சொல்றது. புள்ளையையும் அப்பிடியே பழக்கிட்டோம்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்களும் வாசல்ல நின்னுதானுங்க கேட்டீங்க."

பஸ்ஸில் வரும்போது மெட்டில்டா ஜெபம் சொல்லிப் பார்த்தாள். பாதியில் மறந்துபோனது.

சின்னராஜிடம் அவள் பாச்சா பலிக்கத்தான் செய்தது. சாவை டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பார்த்த டாக்டர் யார் என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் சின்னராஜ் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: பெற்றவள் நேரில் வந்து, பிள்ளை உயிரோடு இருக்கிறது, என் பிள்ளைதான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதில் நியாயம் இருந்தது.

மறுபடி லயத்துக்குப் போய்க் கூப்பிட்டபோது அன்னக்கிளி மாட்டேன் என்றாள். "நான் சொன்னா அது காதுல விழுந்துரும்."

"எது காதுல?"

அன்னக்கிளி மெட்டில்டாவுக்குப் பின்னால் இருந்த பனியைப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

"சொல்லலேன்னா மழைக்கு முன்னாடி நிஜமாவே போயிரும்," என்றாள். சொன்ன வாயை அப்போதே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அன்னக்கிளி வந்தாள்.

மேனேஜர் மேஜை முன்னால் பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "உசுரோட இருக்கு. என் புள்ளதான்." பிறகு, சின்னராஜைப் பார்க்காமல், திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஒண்ணு செத்துச்சுன்னு சொன்னோம். அது பொய்யாக வேணாம். செத்தது அன்னக்கிளி."

சின்னராஜ் சிரித்தார். மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒப்பந்தப்படி ஆஸ்பத்திரி பிறகும் வந்து பார்க்கிறதா என்று விசாரிக்க, மழை ஓய்ந்ததும் மெட்டில்டா லயத்துக்குப் போனாள். ரஞ்சனி மூச்சு வாங்காமல் படியேறி ஓடிவந்தாள்.

"அம்மா செத்துருச்சு," என்று கேட்காமலேயே சொன்னாள்.

"ஆமாங்க, செத்துப் போச்சு," என்றாள் மருதாம்பாள்.

அன்னக்கிளி வந்து சாயா டம்ளரை மெட்டில்டாவின் முன்னால் வைத்தாள். வாசலில் பனி படியோரம் வரை வந்து நின்றிருந்தது.

வாழ்நாளில் ஒரு பொய்யையும் திருத்தாமல் விட்டதில்லை மெட்டில்டா. டம்ளரை எடுத்துக்கொண்டாள். அன்னக்கிளியை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலைப் பார்த்து, வெளியே கேட்கிறமாதிரி உரக்கச் சொன்னாள்:

"நல்ல மனுஷி. இப்படிச் சட்டுனு போயிட்டாளே."